வெர்னன் அணு உலையும் அதை இடிக்க வந்தவர்களும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்கு மூலையில், பெருநகரமென்று சொல்லத்தக்க ஒன்றுகூட இல்லாத வெர்மாண்ட் என்னும் சிறு ராஜ்யத்தின் தென்கிழக்குக் கோடியில், கனெக்டிகட் நதியின் மேற்குக் கரையை ஒட்டி, இரண்டாயிரத்துச் சொச்சம் ஜனங்கள் வாழும் வெர்னன் என்ற ஊர் இருக்கிறது. ஐரோப்பியக் குடியேறிகள் வந்து சேருவதற்கு வெகு காலம் முன்பே அபெனாக்கி ஆதிகுடிகளில் சொகோகி என்ற பிரிவினர் அந்த நதிக்கரையில் மீன் பிடித்தும் சோளம் பயிரிட்டும் வாழ்ந்திருந்தார்கள். 1909-ல் அவ்விடத்திலேயே நதியின் குறுக்கே அணை கட்டி நீர்மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். நதி மட்டும் வெர்மாண்டுக்குச் சொந்தமன்று. மேற்குக் கரையில் நீர் தாழ்ந்து நிற்கும் கோடு வரையில் அது முழுவதும் எதிர்க்கரையிலுள்ள நியூ ஹாம்ப்ஷயர் ராஜ்யத்துக்கே உரியதென்று 1933-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. கரை ஒருவருடையது, நீர் மற்றொருவருடையது, தெற்கே சில மைல் தூரம் போனால் மாசசூசெட்ஸ் என்ற மூன்றாமவருடைய எல்லை. ஆக, மூன்று ராஜ்யத்தாரும் தமக்கும் இதில் சம்பந்தமுண்டென்று சொல்லிக்கொள்ளக்கூடிய ஓரிடத்தில்தான் வெர்மாண்ட் யாங்கி என்னும் அணுமின் நிலையம் எழுந்தது.

நியூ இங்கிலாந்துப் பிரதேசத்து மின்சாரக் கம்பெனிகள் பல கூட்டாகச் சேர்ந்து அதைக் கட்டின. ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் கொதிநீர் உலை அது. 540 மெகாவாட் சக்தியுடன் 1972 நவம்பர் இறுதியில் வர்த்தக ரீதியாக இயங்கத் தொடங்கி, பிற்காலத்தில் ராஜ்யம் உபயோகித்த மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தந்துகொண்டிருந்தது. உலைக்கு எதிரே, சாலையைக் கடந்தால் ஊர் ஆரம்பப் பள்ளிக்கூடம். நிலையம் கட்டிய வரியில் வெர்னன் ஊர் செழிப்பாகவே இருந்தது. ஆகவே உலையை வெறுத்தவர்கள் வெர்னனில் குறைவு, சற்று வடக்கே உள்ள பிராட்டில்பரோவில் அதிகம்.

வெர்மாண்ட் ஜனங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வருஷந்தோறும் மார்ச்சு மாதத்து முதல் செவ்வாய்க்கிழமையன்று ஊரார் யாவரும் ஒரு மண்டபத்தில் கூடி, சாலை செப்பனிடுவது முதல் பள்ளிக்கூடச் செலவு வரையில் எல்லாவற்றையும் தாங்களே விவாதித்து, தாங்களே வாக்களித்துத் தீர்மானிப்பார்கள். 1982-ல் அணு ஆயுதப் பெருக்கத்தை நிறுத்தவேண்டுமென்று நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஊர்கள் இவ்விதக் கூட்டங்களில் தீர்மானம் செய்தபோது, கிராமத்துக் கூட்டத்துக்கும் வல்லரசுகளின் ஆயுதத்துக்கும் என்ன சம்பந்தமென்று நகைத்தவர்களும் இருந்தார்கள். தம் ஊர்க் கணக்கைத் தாமே பார்த்துப் பழகிய ஜனங்களிடம் ஓர் அணு உலையின் கடைசிக் கணக்கு வந்து சேர்ந்ததுதான் இனி நான் சொல்லப்போகும் கதை.

2002-ஆம் வருஷத்தில் பழைய கூட்டுக் கம்பெனி நிலையத்தை விற்றது. முதலில் வந்த ஒருவர் கொடுக்க முன்வந்த விலை போதாதென்று ராஜ்யத்தின் பொதுச்சேவை வாரியம் மறுத்ததன்பேரில் ஏலம் நடந்து, தெற்கே லூயிஸியானாவைத் தலைமையிடமாகக் கொண்ட என்டர்ஜி என்னும் பெருங்கம்பெனி 18 கோடி டாலருக்கு அதை வாங்கிக்கொண்டது. உலையோடு சேர்ந்து கைமாறிய முக்கியமான சொத்து ஒன்று உண்டு. அதுதான் நிலையத்தை என்றேனும் ஒரு நாள் பிரித்து அகற்றுவதற்கென்று, மின்கட்டணம் செலுத்திய ஜனங்களிடமிருந்து பல வருஷங்களாகச் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்த தர்மகர்த்தா நிதி. தம்முடைய அந்தியக் கிரியைக்கென்று தாமே பணம் முடிந்து வைக்கும் கிழவரைப்போல, ஒவ்வொரு அணு உலையும் தன் இறுதிக் காரியத்துக்கான தொகையைத் தன் ஆயுட்காலத்திலேயே ஒதுக்கி வைக்கவேண்டுமென்பது அந்நாட்டுச் சட்டம். நிதி அப்போது ஏறக்குறைய 30 கோடி டாலர். வாங்கிய கம்பெனி அதன்பிறகு தன் பங்காக அதில் பணம் போடவில்லை. முதலீட்டின் வருமானத்தாலேயே அது வளர்ந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. பிற்காலத்துச் சச்சரவுகளுக்கெல்லாம் வித்து இவ்விடத்தில் விழுந்ததென்பதே என் அபிப்பிராயம்.

அந்த விற்பனையின்போது ராஜ்யம் ஒரு காரியத்தைச் சாமர்த்தியமாகச் செய்தது. 2012-ல் நாற்பது வருஷ உரிமம் முடிந்தபின் தொடர்ந்து ஓட்டவேண்டுமானால் ராஜ்யத்தின் சம்மதத்தையும் பெறவேண்டும் என்று வாங்குபவரிடம் எழுதி வாங்கிக்கொண்டது. ஆனால் நடுவில் பல சம்பவங்கள் நிகழ்ந்து நம்பிக்கை குலைந்தது. 2007-ல் குளிரூட்டும் கோபுரம் ஒன்றின் பகுதி இடிந்து விழுந்த படத்தை ஜனங்கள் பார்த்தார்கள். கதிரியக்க நீர் ஓடும் நிலத்தடிக் குழாய்கள் நிலையத்தில் இல்லையென்று கம்பெனியார் அதிகாரிகளிடம் சொல்லியிருக்க, 2010 ஜனவரியில் அத்தகைய குழாய்களிலிருந்தே ட்ரிட்டியம் என்னும் கதிரியக்கப் பொருள் கசிந்து நிலத்தடி நீரில் கலந்திருப்பது வெளிவந்தது. அடுத்த மாதமே ராஜ்யத்தின் செனட் சபை, உலை தொடர்ந்து இயங்கக் கூடாதென்று 26-க்கு 4 என்ற கணக்கில் வாக்களித்தது. கம்பெனி வழக்குத் தொடுத்தது. அணு உலையின் பாதுகாப்பைப் பற்றிப் பேசும் அதிகாரம் மத்திய சர்க்காரின் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்துக்கே உரியது, ராஜ்யத்துக்கு இல்லை என்று 2012-ல் பிராட்டில்பரோவிலிருந்த மத்திய நீதிபதி தீர்ப்பளித்தார். மேல் நீதிமன்றமும் 2013 ஆகஸ்டில் அதன் சாராம்சத்தை உறுதி செய்தது.

இந்தத் தீர்ப்பு வெர்மாண்டுக்காரர்களின் வாயை ஒரு விதத்தில் கட்டிப்போட்டது. கதிரியக்கத்தை எண்ணிப் பயப்படுகிறோம் என்று ராஜ்யத்தார் இனிச் சட்டமன்றத்திலோ வாரியத்திலோ சொன்னால், அந்த ஒரு சொல்லாலேயே அவர்கள் செய்யும் தீர்மானம் செல்லாததாகிவிடும். பணத்தைப் பற்றிப் பேசலாம். மண்ணைப் பற்றி, வரியைப் பற்றி, நிலத்தின் பிற்கால உபயோகத்தைப் பற்றிப் பேசலாம். உயிரைப் பற்றி மட்டும் பேசக்கூடாது. ஆகவே, அதற்குப் பிந்திய வருஷங்களில் நடந்த விசாரணைகளில் ஜனங்களின் அச்சமெல்லாம் வரவு செலவுக் கணக்கின் வேஷத்தைப் போட்டுக்கொண்டே வந்து நின்றதென்பதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் அந்த விவாதங்களின் உள்ளர்த்தம் புலப்படும்.

வழக்கில் வென்ற கம்பெனிக்குச் சந்தையில் வெற்றி கிட்டவில்லை. இயற்கை எரிவாயு மலிந்து மின்சாரத்தின் விலை விழுந்த காலம் அது. மேல் நீதிமன்றத் தீர்ப்பு வந்த இரண்டு வாரத்துக்குள், 2013 ஆகஸ்ட் 27-ஆம் தேதி, நிலையத்தை மூடிவிடப்போவதாக என்டர்ஜி அறிவித்தது. 2014 டிசம்பர் 29 அன்று உலை நின்றது. அறுநூறுக்கு மேற்பட்டவர்கள் வேலை பார்த்த இடம் அது. வெர்னன் ஊரார் தங்கள் செலவைக் குறைக்க முற்பட்டு, முதலில் தங்கள் சொந்தப் போலீஸ் இலாகாவையே கலைத்துவிட்டார்கள்.

நின்ற உலையை என்ன செய்வது? உடனே பிரித்து அகற்றலாம். அல்லது எரிபொருளை மட்டும் எடுத்துவிட்டு, கதிரியக்கம் தானாகத் தணியும்வரை பூட்டி வைத்திருந்து, மூடிய நாளிலிருந்து அறுபது வருஷத்துக்குள் முடித்துவிடலாம் என்பது மத்திய ஆணையத்தின் விதி. என்டர்ஜி இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தது. மொத்தச் செலவு 124 கோடி டாலர் என்று அது மதிப்பிட்டது. நிதியில் இருந்ததோ ஏறக்குறைய 66 கோடி. மீதி வளரும்வரை காத்திருக்கவேண்டும் என்றால், வேலை முடிவது 2070களின் நடுவில். உலை எரிந்தபோது அதன் வெளிச்சத்தில் படித்த பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் நரைத்த பிறகு என்று அர்த்தம். ராஜ்யத்தார் இதை ஏற்கவில்லை. 2013 டிசம்பரிலேயே ஓர் உடன்படிக்கை செய்து, நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர 2.5 கோடி டாலர் தனி நிதியும், வேலையிழந்த மாவட்டத்துக்கு 1 கோடியும், நிதி போதுமான அளவு சேர்ந்த உடனே தாமதமின்றி வேலையைத் தொடங்குவதாக ஒரு வாக்குறுதியும் பெற்றுக்கொண்டார்கள். குடிமக்கள், சட்டமன்ற உறுப்பினர், அதிகாரிகள், கம்பெனிப் பிரதிநிதி, அண்டை ராஜ்யத்தார் ஆகியோர் சேர்ந்து அமரும் ஓர் ஆலோசனைக் குழுவும் சட்டப்படி ஏற்பட்டது. தர்மகர்த்தா நிதியிலிருந்து வரியும் காப்பீட்டுக் கட்டணமும் எரிபொருட் காவலின் செலவும் எடுக்கலாமா என்பதைப் பற்றி ராஜ்யத்துக்கும் கம்பெனிக்கும் மத்திய ஆணையத்தின் முன் வெகு நாள் சண்டை நடந்தது.

இவ்வளவிலும் ஒருவரும் ஐயப்படாத ஒரு விஷயம் இருந்தது: உலையை நடத்தி லாபம் பெற்றவரே அதை இடிப்பார் என்பது. முன்னுதாரணங்களும் பெரும்பாலும் அப்படியே இருந்தன. பென்ஸில்வேனியாவில் ஒஹாயோ நதிக்கரையில் 1957-ல் தொடங்கிய ஷிப்பிங்போர்ட் உலை மத்திய சர்க்காரின் சொத்து. அதை 1980களில் சர்க்காரே பிரித்து, உலைப் பாத்திரத்தை முழுதாகவே படகிலேற்றி, மிஸிஸிப்பி வழியாகக் கடலுக்கு இறக்கி, பனாமாக் கால்வாயைக் கடந்து, நாட்டின் மேற்குப் பகுதியிலுள்ள ஹான்போர்டுக்குக் கொண்டுபோய்ப் புதைத்தது. மெயின் ராஜ்யத்தில் விஸ்காஸெட் ஊரிலிருந்த மெயின் யாங்கி நிலையத்தின் கதை இன்னும் போதனை நிறைந்தது. அதன் சொந்தக்காரர்கள் இடிக்கும் வேலை முழுவதையும் ஸ்டோன் அண்ட் வெப்ஸ்டர் என்ற புகழ்பெற்ற பழைய கட்டுமானக் கம்பெனியிடம் மொத்தக் குத்தகையாக விட்டார்கள். 2000-ஆம் வருஷத்தில், வேலை பாதியில் நிற்க, அந்தக் கம்பெனி திவாலாயிற்று. உரிமம் சொந்தக்காரர்களிடமே இருந்ததால், ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டு, அவர்களே முன்னின்று 2005-ல் வேலையை முடித்தார்கள். குத்தகைக்காரர் விழுந்தார், பொறுப்பாளி நின்றார். ஆகையால் வேலை நின்றுபோகவில்லை.

2010-ல் இல்லினாய் ராஜ்யத்தில், மிஷிகன் ஏரிக்கரையில், ஒரு மதத் தலைவர் தம் சீடர்களுக்கென்று நிறுவிய ஸயான் என்னும் ஊரில், முறை சற்று மாறியது. அங்கிருந்த இரட்டை உலையின் சொந்தக்காரர் உரிமத்தையும் நிதியையும் எனர்ஜி ஸொல்யூஷன்ஸ் என்ற கழிவு அகற்றும் கம்பெனியிடம் தற்காலிகமாக ஒப்படைத்தார். வேலை முடிந்தபின் திரும்பப் பெறுவதாக ஏற்பாடு. இரவல்தான், தானம் அல்ல.

2016 நவம்பரில் வெர்மாண்டில் வெளியான செய்தி இவை எல்லாவற்றையும் கடந்தது. நியூயார்க்கைச் சேர்ந்த நார்த்ஸ்டார் என்னும் கட்டட இடிப்புக் கம்பெனிக்கு என்டர்ஜி தன் உலையையும், நிலத்தையும், நிதியையும், உரிமத்தையும், எரிந்த எரிபொருளையும், பொறுப்பையும் நிரந்தரமாக விற்றுவிடப் போகிறது என்றார்கள். விலை ஆயிரம் டாலர். ஆயிரம் கோடி அல்ல, ஆயிரந்தான். ஒரு பழைய மோட்டார் வண்டியின் விலை. அதற்கு ஈடாகப் புதியவர் கொடுத்த வாக்கு, அறுபது வருஷம் காத்திராமல் 2030-க்குள், முடிந்தால் 2026-லேயே, வேலையை முடித்துவிடுவதென்பது. 124 கோடி வேண்டுமென்று என்டர்ஜி சொன்ன காரியத்தைச் சுமார் 81 கோடியில் செய்துவிடுவோம் என்றும் அவர்கள் சொன்னார்கள்.

வெர்மாண்டுக்காரர்களை ஒரே சமயத்தில் ஆசையும் அச்சமும் பிடித்துக்கொண்டன. ஐம்பது வருஷம் முன்னதாக நிலம் சுத்தமாகும் என்பதை யார் வேண்டாமென்பார்கள்? எனினும், வந்தவர் யார்? கட்டடங்களை இடித்துப் பழகியவர். சர்வகலாசாலைகளின் சிறிய ஆராய்ச்சி உலைகளை அகற்றிய அனுபவம் உடையவர். மின்சாரம் தரும் பெரிய உலை ஒன்றை முழுப் பொறுப்பில் ஏற்றுப் பிரித்தவர் அல்லர். பங்குச் சந்தையில் பெயரில்லாத தனியார் கம்பெனியாகையால் அதன் வரவு செலவுக் கணக்கைச் சாமானிய ஜனங்கள் பார்க்க வழியில்லை. அதன் வருமானமும் ஒரு விசித்திரமான வருமானம்: நிதியில் உள்ள பணத்துக்குள் வேலையை முடித்து மீதத்தை லாபமாகக் கொள்ளவேண்டும். அப்படியானால் எவ்வளவு மலிவாகச் செய்கிறதோ அவ்வளவு லாபம். தோண்டவேண்டிய மண்ணைத் தோண்டாமல் விடுவதிலும் லாபம். இடித்த கான்கிரீட்டைப் பொடியாக்கி அவ்விடத்திலேயே பள்ளங்களை நிரப்பிவிட அவர்கள் முதலில் எண்ணியிருந்தார்கள். அவ்விதம் செய்வதில்லையென்று முந்தைய சொந்தக்காரர் ராஜ்யத்துக்குச் சொல்லியிருந்ததை ஜனங்கள் நினைவூட்டினார்கள். மண்ணுக்குள் எதிர்பாராத கழிவு இருந்து செலவு இருமடங்கானால்? இந்த ஒரு வேலைக்கென்றே அமைத்த சின்னக் கம்பெனி கையை விரித்துவிட்டால்? பழைய கம்பெனியோ விற்றுவிட்டுப் போய்விட்டது. புதிய கம்பெனியிடமோ ஒன்றுமில்லை. எஞ்சுவது வெர்மாண்டின் வரிப்பணந்தான். சுற்றுச்சூழல் சட்டத்துக்காக வழக்காடும் கன்ஸர்வேஷன் லா பவுண்டேஷன் என்ற அமைப்பு இறுதிவரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது இந்தக் கேள்வியைத்தான். ஆட்சேபித்தவர்களை முன்னேற்றத்தின் விரோதிகள் என்று சிலர் சொன்னார்கள்; மெயின் ராஜ்யத்தில் நடந்ததை அறிந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

விசாரணை ஒன்றரை வருஷத்துக்குமேல் நீண்டது. 2002-ன் விற்பனைக் காலத்திலிருந்தே நிலையத்தைக் கைமாற்ற ராஜ்ய வாரியத்தின் அனுமதியும் தேவை என்ற பிடி இருந்தபடியால், புதியவர் ராஜ்யத்தாரோடு பேரத்துக்கு உட்கார வேண்டியதாயிற்று. 2018 மார்ச்சில் ஒரு சமரசம் ஏற்பட்டது. புதியவர் தருவதாகச் சொன்ன ஜாமீன் தொகை 14 கோடி டாலராக உயர்ந்தது, 5.5 கோடி டாலர் தனிக் கணக்கில் பூட்டி வைக்கப்பட்டது. 3 கோடிக்கு மாசுக் காப்பீடு. கான்கிரீட்டைப் பொடித்துப் புதைப்பதில்லை. நிலத்தைச் சுத்தம் செய்யும் அளவுகோல் மத்திய விதியைவிடக் கடுமையானது. நெடுங்காலம் உலையை எதிர்த்துவந்த நியூ இங்கிலாந்து கூட்டணியும், மூதாதையரின் புதைகுழிகள் கலையாதிருக்கவேண்டுமென்று வழக்கில் சேர்ந்த எல்னு அபெனாக்கி குடியினரும் இதில் கையெழுத்திட்டார்கள். 2018 அக்டோபரில் மத்திய ஆணையமும், டிசம்பரில் (பழைய பொதுச்சேவை வாரியமாகிய) ராஜ்ய ஆணையமும் அனுமதி அளித்தன. 2019 ஜனவரி 11 அன்று நிலையம் கைமாறியது.

இடித்த பொருள் எங்கே போகிறது என்பதும் ஒரு சரித்திரம். தம் கழிவைத் தாமே புதைக்க இடமில்லாத வெர்மாண்டும் மெயினும் டெக்ஸாஸ் ராஜ்யத்தோடு செய்துகொண்ட கூட்டுடன்படிக்கையை 1998-ல் அமெரிக்கக் காங்கிரஸ் அங்கீகரித்தது. அதற்கென்று வெர்மாண்ட் கொடுக்க ஒப்புக்கொண்ட தொகை 2.5 கோடி டாலர். முதலில் குறிக்கப்பட்ட இடம் ஸியர்ரா பிளாங்கா என்னும் ஏழை ஊர். மெக்ஸிக எல்லை நதிக்கு அருகே, ஸ்பானிஷ் பேசும் ஜனங்கள் வாழும் இடம். அவ்வூராரும் மெக்ஸிகோவினரும் கிளர்ந்தெழுந்ததால் அந்த வருஷமே டெக்ஸாஸ் அதிகாரிகள் உரிமம் மறுத்தார்கள். பிறகு ஆண்ட்ரூஸ் மாவட்டத்துப் பாலைநிலத்தில் ஒரு புதைநிலம் 2012-ல் திறக்கப்பட்டது. நீருக்கடியில் துண்டு துண்டாக அறுக்கப்பட்ட வெர்னன் உலைப் பாத்திரம் ரயிலேறி அங்கே போய்ச் சேர்ந்தது. தம் மண்ணைச் சுத்தமாக்கக் கோரிய வெர்மாண்டுக்காரர்களில் டெக்ஸாஸ்காரர்களின் மண்ணைப் பற்றி வாய் திறந்தவர்கள் சொற்பமே என்பதையும் சொல்லியாகவேண்டும்.

வெர்னனில் வகுத்த வழி வெகு விரைவில் பரவியது. 2019-ல் நியூ ஜெர்ஸியின் ஆய்ஸ்டர் கிரீக், மாசசூசெட்ஸின் பில்கிரிம், 2021-ல் நியூயார்க்கின் இந்தியன் பாயிண்ட் என்று உலைகள் ஒவ்வொன்றாக ஹோல்டெக் என்ற கம்பெனிக்குக் கைமாறின. வெர்மாண்டுக்கு இருந்த சம்மதப் பிடி மாசசூசெட்ஸுக்கு இல்லை. அந்த ராஜ்யத்தின் ஆட்சேப மனு நிலுவையில் இருக்கும்போதே மத்திய ஆணையம் 2019 ஆகஸ்டில் பில்கிரிமுக்கு அனுமதி தந்துவிட்டது. ராஜ்யம் நீதிமன்றத்துக்குப் போய், 2020-ல்தான் நிதிக் காவலைப் பற்றி ஒரு சமரசம் பெறமுடிந்தது. பில்கிரிம் உலையில் தேங்கிய நீரைக் கடலில் விடலாமா என்ற சண்டை அதை ஒட்டிய கேப் காட் விரிகுடாவில் பிறகும் ஓயவில்லை. மிஷிகனின் பாலிஸேட்ஸ் உலையை 2022-ல் இடிப்பதற்கென்றே வாங்கிய அதே கம்பெனி, சிறிது காலத்துக்குள் அதை இடிக்காமல் மறுபடி இயக்கப்போவதாகக் கிளம்பியது தனி வேடிக்கை.

என் மதிப்பீட்டில் வெர்மாண்டார் ஆளைப் பார்த்து ஏமாறவில்லை. ஆள் பின்வாங்கினால் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டார்கள், கேட்டதில் பெரும்பகுதியைப் பெற்றார்கள். இடிக்கும் வேலையும் பெரிய விக்கினமின்றி நடந்தது. அவர்கள் கேட்டும் பெறமுடியாதது ஒன்றே: எரிந்த எரிபொருள் ஊரைவிட்டு அகல்வது. எரிந்த எரிபொருளை 1998 ஜனவரி 31 முதல் தானே எடுத்துக்கொள்வதாக 1982-ஆம் வருஷச் சட்டத்தின்கீழ் மத்திய சர்க்கார் எல்லாக் கம்பெனிகளோடும் ஒப்பந்தம் செய்திருந்தது; நெவாடாவின் யூக்கா மலையில் புதைக்கும் திட்டம் கைவிடப்பட்டபின் வேறு இடம் அமையவில்லை. 3,880 எரிபொருள் கற்றைகள் 58 பெரும் கொள்கலன்களில் அடைக்கப்பட்டு வெர்னனிலேயே நிறுத்தப்பட்டிருக்கின்றன. சர்க்கார் அவற்றை எடுத்துச்செல்லும் நாள் வரையில் காவலும் பொறுப்பும் ஆயிரம் டாலருக்கு வாங்கியவருடையவை. காவலுக்கு ஆகும் செலவை அவர் சர்க்காரின்மேல் வழக்குத் தொடுத்து நஷ்ட ஈடாகத்தான் பெறவேண்டும்.